மறுத்துப் பேசியவர் இப்போது எங்கே? சபைத் தலைமை நோய்ப்படுவதன் அறிகுறிகள்

2007-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்த மார்ஸ் ஹில் சபை தன் நிர்வாக விதிகளைத் திருத்தியது. அதுவரை மூப்பர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்திருந்த அதிகாரம் ஒரு சிறு குழுவின் கைக்குப் போனது. திருத்தத்தைக் கேள்வி கேட்ட இரண்டு மூப்பர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரோடு ஐக்கியம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சபையாருக்கே அறிவிக்கப்பட்டது. அந்த நாட்களில் தலைமைப் போதகர் மார்க் ட்ரிஸ்கால், விலக்கப்பட்டவர்களைக் குறித்து, மார்ஸ் ஹில் என்ற பேருந்துக்குப் பின்னால் பிணங்கள் குவிந்து கிடக்கின்றன, தேவகிருபையால் அது மலையாகும் என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சு ஒலிப்பதிவாக இருக்கிறது. சபையோ அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்டில் முன்னாள் மூப்பர்கள் 21 பேர் முறைப்படி குற்றச்சாட்டு எழுதிக் கொடுத்தார்கள். அக்டோபரில் ட்ரிஸ்கால் ராஜினாமா செய்தார். 15 இடங்களில் கூடிவந்த அந்தச் சபை அந்த ஆண்டின் முடிவோடு கலைந்தது.

நடுவில் ஏழு ஆண்டுகள். முதல் அறிகுறி 2007-லேயே எல்லாருக்கும் தெரியும்படி வந்துவிட்டது. அது பிரசங்கத்தில் வராமல் ஒரு விதித் திருத்தமாக வந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போதகர்களின் வீழ்ச்சி என்றாலே பணமும் விபசாரமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை கடைசியில் வருகிறவை. முதலில் காணாமல் போவது, “ஐயா, இது சரியாகத் தெரியவில்லை” என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் வந்து உட்காரக்கூடிய ஆள். அவர் இருக்கும்வரை பெரும்பாலான தவறுகள் சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டுவிடும். அவர் போனபின் தடுக்க யாரும் இல்லை.

ஆகவே உங்கள் சபையைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: கடைசியாகப் போதகரின் முடிவை மறுத்துப் பேசியவர் யார், அவர் இப்போது எங்கே?

தொடாதே என்று யாருக்குச் சொல்லப்பட்டது?

தமிழ்ச் சபைகளில் கேள்வியை அடக்க அதிகம் எடுக்கப்படும் வசனம் சங்கீதம் 105:15. “நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்.” இதைச் சொன்னதும் கமிட்டியில் பேச்சு நின்றுவிடும். மூன்று வசனம் முன்னால் போய் வாசித்துப் பாருங்கள். அங்கே பேசப்படுவது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தைப் பற்றி. சொற்ப ஜனங்கள், பரதேசிகள், நிலமில்லாமல் ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு அலைந்தவர்கள். அவர்களை ஒடுக்கக் கூடாது என்று தேவன் கடிந்துகொண்டது ராஜாக்களை. பலமுள்ளவன் கை எளியவன்மேல் விழக்கூடாது என்று சொன்ன வசனத்தை, பலமுள்ளவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று திருப்பிவிட்டார்கள்.

தாவீது சவுலைக் கொல்ல மறுத்ததும் இதே வரிசையில் சொல்லப்படும். கொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் 1 சாமுவேல் 24-ல் அவன் கெபியை விட்டு வெளியே வந்து, சவுலின் படையாட்கள் கேட்கும்படி, “கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிப்பார்” என்று நேருக்கு நேர் முறையிட்டான். அவன் கையைத்தான் அடக்கினான், வாயை அடக்கவில்லை. பவுல் அந்தியோகியாவில் பேதுருவை எல்லார் முன்பாகவும் எதிர்த்தான். மூப்பன்மேல் வரும் குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 5:19. அடுத்த வசனம், குற்றம் செய்தவரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. முன்வசனம் மட்டும் பிரசங்கிக்கப்பட்டு, பின்வசனம் பல வருடமாக வாசிக்கப்படவே இல்லையென்றால் அதுவும் ஒரு அறிகுறிதான்.

இன்னும் சில சொற்கள் உண்டு. கேள்வி கேட்டவர் ‘முறுமுறுக்கிறவர்’. கையெழுத்துப் போட மறுத்த கமிட்டி உறுப்பினர், மோசேக்கு விரோதமாக எழும்பிய ‘கோராகு’. கேட்டவர் பெண்ணாக இருந்தால், பொல்லாத ராணியான ‘யேசபேலின் ஆவி’. மோசேக்கு விரோதமாகப் பேசிய மிரியாமுக்குக் குஷ்டம் வந்ததும், எலிசாவைக் கேலி செய்த பிள்ளைகளைக் கரடி பீறியதும், காணிக்கையில் பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் விழுந்து இறந்ததும் ஒரே மாதத்தில் மூன்று ஞாயிறும் வந்தால், அதற்கு முந்தைய வாரம் கமிட்டியில் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும். அனனியாவின் கதையிலேயே பேதுரு சொல்வதைக் கவனிக்க வேண்டும்: நிலம் விற்குமுன் உன்னுடையது, விற்றபின்பும் கிரயம் உன் வசத்தில் இருந்தது. கொடுக்கும் கட்டாயம் அவனுக்கு இல்லை. பொய்தான் அங்கே குற்றம்.

காணிக்கைப் பை போகும் வழி

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பை எங்கே போகிறது என்று கவனியுங்கள். ஒழுங்காக நடக்கும் சபையில் அது நாலுபேர் பார்க்கும் இடத்தில் மேஜைமேல் கொட்டப்படும். போதகருக்கும் ஒருவருக்கொருவரும் உறவில்லாத இரண்டு பேர் எண்ணுவார்கள், மூன்றாமவர் எழுதுவார். 500 ரூபாய் நோட்டு எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று ஒரு தாளில் பிரித்து எழுதி, மூவரும் கையெழுத்திடுவார்கள். பெயரெழுதிய உறையில் வந்த தசமபாகத்துக்கு வரிசை எண் அச்சிட்ட ரசீது போகும். திங்கட்கிழமை அந்தத் தொகை முழுவதும் வங்கிக்குப் போய், செலான் அடிக்கட்டை அந்தத் தாளோடு சேர்த்துக் குத்தப்படும். செலவுக்கு வேண்டியது பிறகு காசோலையில் எடுக்கப்படும். காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், அந்த இரண்டும் ஒரே வீட்டுக்காரர்களுடையதாக இருக்கக் கூடாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரு சின்ன வசதிக்காகத் தொடங்குகிறது. ஸ்பீக்கர் ரிப்பேருக்கு 1,500, செய்தி கொடுக்க வந்த ஊழியருக்கு 3,000 என்று பையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மீதியைத்தான் வங்கியில் போடுகிறார்கள். அந்த வாரத்திலிருந்து மொத்தம் எவ்வளவு வந்தது என்பதற்கு எழுத்து இல்லை. ஆறு மாதம் இப்படி ஓடினால், நேர்மையான போதகராலும் தன்மேல் வரும் சந்தேகத்தைத் தீர்க்க முடியாது. பவுல் எருசலேமுக்குத் தர்மப்பணம் கொண்டுபோனபோது தனியாகக் கொண்டுபோகவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த சகோதரனையும் சேர்த்து அனுப்பினான். ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் எழுதினான் (2 கொரிந்தியர் 8:20). அப்போஸ்தலனுக்கே வேண்டியிருந்த சாட்சி நம் போதகருக்கு எப்படி வேண்டாமல் போகும்?

இப்போது காணிக்கையில் ஒரு பகுதி போன் வழியாகப் போகிறது. திரையில் காட்டும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், பணம் அனுப்புவதற்கு முன் ஒரு பெயர் வரும். சபையின் பெயரோ அறக்கட்டளையின் பெயரோ வந்தால் நல்லது. போதகரின் பெயரோ, பாஸ்டரம்மாவின் பெயரோ, மகனின் பெயரோ வந்தால், அந்தப் பணம் சட்டப்படி அவர்களுடைய சொந்தக் கணக்கில் விழுகிறது. புதிதாகத் தொடங்கிய பத்துக் குடும்பச் சபையில் இது சில மாதம் நடக்கலாம். பத்து வருடமான சபையில் இதற்கு நியாயம் இல்லை.

கட்டட நிதியில் பார்க்க வேண்டியது நிலம் யார் பெயரில் என்பது. சர்வே எண் தெரிந்தால் போதும். தமிழ்நாட்டில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம், வருவாய்த்துறைப் பக்கத்தில் பட்டாவைப் பார்க்கலாம். போதகர் பெயரில் இருப்பதாலேயே அவர் திருடர் ஆகிவிட மாட்டார். வாங்கிய நாளில் அறக்கட்டளை பதிவாகாமல் இருந்திருக்கலாம். ஜெபவீட்டுக்கு என்றால் நிலத்தை விற்க உரிமையாளர் தயங்கியிருப்பார். அப்படியானால் எப்போது சபை பெயருக்கு மாற்றுவோம் என்ற தேதியும் அதற்கான தீர்மானமும் இருக்க வேண்டும். மாற்றாமலே அவர் இறந்துவிட்டால் சொத்து அவருடைய வாரிசுகளுக்குப் போகும். இருபது வருடம் செங்கலுக்கும் சிமெண்டுக்கும் கொடுத்தவர்கள் அப்போது நீதிமன்றத்தில் போய் அது சபைச் சொத்து என்று நிரூபிக்க வேண்டிவரும்.

அடுத்தது பதிவுப் பத்திரம். எந்தப் பெரிய திருச்சபையோடும் சேராத சுயாதீன சபைகள் பல அறக்கட்டளையாகப் பதிவாகின்றன, சில சங்கமாக. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், தணிக்கையான கணக்கை உறுப்பினர் முன் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அறக்கட்டளையில் அப்படிப்பட்ட உறுப்பினர் கூட்டம் கட்டாயமில்லை, பத்திரத்தில் எழுதியதுதான் சட்டம். அதனால் அந்தப் பத்திரத்தில் நாலு இடத்தைப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். அறங்காவலர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒரே குடும்பத்தார் எத்தனை பேர்? நிறுவனர் ஆயுள் முழுவதும் பதவியில் இருப்பாரா? மற்ற அறங்காவலரை அவர் ஒருவரே நீக்க முடியுமா? அவருக்குப் பின் யார் வருவார் என்பதை யார் முடிவு செய்வார்? நான்குக்கும் ‘நிறுவனர்’ என்றே பதில் வந்தால், கமிட்டி என்று ஞாயிறு அறிவிப்பில் வாசிக்கப்படும் பெயர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

இங்கே போதகர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயருக்கு சம்பளம் உண்டு, குடியிருக்க வீடு உண்டு, சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் உண்டு. சுயாதீன சபைப் போதகருக்கு பல இடங்களில் சம்பளம் என்று ஒன்றே கிடையாது, வருகிற காணிக்கைதான் வீட்டுச் செலவு. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் சபையின் கரண்ட் பில்லும் ஒரே பையிலிருந்து போகின்றன. இந்தக் குழப்பத்தை உண்டாக்கியது சபையார்தான். “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி ஊழியக்காரருக்குச் சம்பளம் நிர்ணயிக்காமல் விட்டதால், காணிக்கை குறையும் மாதம் அவருக்குப் பசியாகிறது, அதனால் பிரசங்கமும் மாறுகிறது. தசமபாகச் செய்தி ஏன் இத்தனை முறை வருகிறது என்று கேட்கும் சபை, போதகருக்கு ஒன்றாம் தேதி வங்கியில் எவ்வளவு விழுகிறது என்றும் கேட்க வேண்டும். போதகர் இல்லாத கூட்டத்தில் கமிட்டி அந்தத் தொகையை முடிவு செய்யட்டும். வாடகை, பெட்ரோல், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதட்டும். இதை நேர்மையான போதகர்கள் நிம்மதியோடு ஏற்றுக்கொள்வார்கள். இவ்வளவு செய்ய முன்வந்தும் கணக்கை விட்டுக்கொடுக்க மறுத்தால், அது தேவையினால் வந்த குழப்பம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

இரகசியமாகச் சொன்னது மேடையில் வரும்போது

செவ்வாய்க்கிழமை போதகரிடம் அழுதுகொண்டே சொன்ன குடும்ப விஷயம், ஞாயிற்றுக்கிழமை “இங்கே ஒரு சகோதரி இருக்கிறீர்கள், உங்கள் புருஷனுக்கும் உங்களுக்கும்…” என்று தீர்க்கதரிசனமாக வருகிறது. சபையார் ஆமென் சொல்கிறார்கள். அந்தச் சகோதரி மட்டும் தலை குனிந்திருக்கிறாள். இது இரண்டு தவறு. நம்பிச் சொன்னதை வெளியிட்டது ஒன்று. தெரிந்த விஷயத்தை வெளிப்பாடு என்று காட்டியது மற்றொன்று. இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அதைப் பார்த்தவர்கள் இனி போதகரின் எல்லா வார்த்தையையும் தேவனுடைய வார்த்தையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

தனிப்பட்ட தீர்க்கதரிசனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு வருடம் கவனித்தால் புரியும். இந்த வரனை வேண்டாம் என்று சொல், அந்த வேலைக்குப் போகாதே, வெளியூர் மாற்றல் வாங்காதே, அந்த நிலத்தை விற்றுவிடு என்று வருகிறதா? ஒவ்வொன்றும் அந்த நபரை, அவருடைய நேரத்தை, பணத்தைச் சபைக்குள்ளேயே நிறுத்துவதாக இருக்கிறதா? தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறது 1 கொரிந்தியர் 14:29. நிதானிக்க வேண்டுமானால் சொன்னது எழுத்தில் இருக்க வேண்டும். நாள், நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவையுங்கள். நிறைவேறாதபோது “உன் அவிசுவாசம்தான் காரணம்” என்று பழி கேட்டவர்மேல் திரும்பினால், அங்கே பரீட்சை எப்போதும் கேட்டவருக்குத்தான், சொன்னவருக்குக் கிடையாது.

மருந்தை நிறுத்தச் சொல்வதில் பொறுமைக்கே இடமில்லை. இன்சுலின், வலிப்பு மாத்திரை, மனநோய் மாத்திரை, காசநோய் மருந்து இவற்றை நிறுத்தினால் விசுவாசம் நிரூபிக்கப்படாது. உயிர் போகலாம். கென்யாவின் ஷகஹோலா காட்டில் பால் மெக்கன்சி என்ற போதகரின் போதனையால் பட்டினி உபவாசம் இருந்தவர்களின் உடல்கள் 2023 ஏப்ரலிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. 400-க்கும் மேல். உபவாசம் நல்லதுதான். எத்தனை நாள் என்பதை இன்னொருவர் கட்டாயப்படுத்தும்போதும், சிறு பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அதில் சேர்க்கும்போதும், அதை அங்கேயே நிறுத்த வேண்டும்.

விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்காதபோது

ரவி சகரியாஸ் 1946-ல் சென்னையில் பிறந்தவர். உலகமெங்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடியவர் என்று பெயர் பெற்றவர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலருக்கு அவர் பெருமையாக இருந்தார். 2017-ல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண்ணோடு ஏற்பட்ட விவகாரம் வெளியில் பேசத் தடைவிதிக்கும் உடன்படிக்கையோடு முடிந்தது. அவருடைய நிறுவனத்தின் குழு அவர் சொன்னதையே ஏற்றுக்கொண்டது. வெளியிலிருந்து யாரையும் வைத்து விசாரிக்கவில்லை. குழு உறுப்பினர்கள் யார் என்பதே பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. 2020 மே மாதம் அவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் ஒரு சட்ட நிறுவனம் விசாரணைக்கு அமர்த்தப்பட்டது. 2021 பிப்ரவரியில் வந்த அறிக்கை, பல வருடமாக மசாஜ் செய்யும் பெண்கள் பலரிடம் அவர் பாலியல் அத்துமீறல் செய்ததை உறுதிசெய்தது. தேவையில் இருப்பவர்களுக்கு என்று நன்கொடையாளர்கள் கொடுத்த ஒரு நிதியிலிருந்து அப்படிப்பட்ட பெண்கள் சிலருக்குப் பணம் போயிருந்ததும் தெரிந்தது.

இதிலிருந்து உள்ளூர் சபை எடுத்துக்கொள்ள வேண்டியவை நேரடியானவை. குற்றச்சாட்டுக்கு ஆளானவரிடம் சம்பளமோ பதவியோ வாங்குகிறவர் அதை விசாரிக்க முடியாது. விசாரணை நடக்கும்போது அவர் பிரசங்க மேடையில் நிற்கக் கூடாது. குற்றம் சொன்னவரிடம் “வெளியே பேசாதே” என்று கையெழுத்து வாங்குகிற சபை, தலைவரைக் காக்கிறது, மந்தையைக் காக்கவில்லை. கணக்குக் கேட்க முடியாத நிதியை ஒருவர் கையில் தனியாகக் கொடுக்கக் கூடாது, ஏழைகளுக்கான நிதியானாலும் சரி.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் சபைக்குள் பேசித் தீர்க்கும் வழியே கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் இருப்பது 21-ஆம் பிரிவின்படி குற்றம். தனக்குக் கீழிருப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை சிறை. மத நிறுவனத்தில் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் செய்தால் சட்டம் அதைக் கடுமையான வகையாக எடுத்துக்கொள்கிறது. மத்தேயு 18-ல் சொன்ன “நீயும் அவனும் தனித்திருக்கையில்” என்பதை இதற்குப் பொருத்தி, ஒரு குழந்தையைக் குற்றவாளியின் முன்னால் உட்காரவைத்துச் சமாதானம் செய்யும் மூப்பர்கள் உண்டு. அது அந்தக் குழந்தைக்கு இரண்டாவது முறை செய்யும் கொடுமை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு உடனே அழையுங்கள்.

போகிறவரை எப்படி அனுப்புகிறார்கள்?

ஒரு குடும்பம் சபையை விட்டுப் போகும்போது தலைமையின் குணம் முழுசாகத் தெரியும். நல்ல போதகருக்கு வருத்தம் இருக்கும். வீட்டுக்கு வந்து காரணம் கேட்பார், ஜெபித்து அனுப்புவார், கடிதம் கொடுப்பார். நோய்ப்பட்ட தலைமையில் அன்றே வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கம். வீட்டு ஜெபக் குழு (செல் குரூப்) ஆட்களுக்குப் போன் போகிறது: அவர்களோடு பேசாதீர்கள். காரணம் பற்றி ஒரு கதை உண்டாகும், அதில் பெரும்பாலும் பணமோ ஒழுக்கமோ இருக்கும். அடுத்த ஆறு மாதத்தில் அந்தக் குடும்பத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்கூட அது சாட்சியாகச் சொல்லப்படும்.

இதில் தமிழ்ச் சபைகளுக்கே உரிய பிடிகள் சில. ஞானஸ்நானச் சான்று தர மறுப்பது, பிள்ளையின் திருமணத்துக்கு ஓலை (ஆலயத்தில் முன்னறிவிப்பு) வாசிக்க மறுப்பது, கல்லறைத் தோட்டத்தில் இடம் தராமல் இழுப்பது. பெரிய திருச்சபைகளில் சந்தா பாக்கி என்று சொல்லி வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவதும் இதே வகைதான். தேர்தலுக்கு முந்தைய மாதத்தில் மட்டும் இந்தப் பாக்கிகள் நினைவுக்கு வந்தால், காரணம் பாக்கி அல்ல. அங்கே தேர்தல் உண்டு, தணிக்கை உண்டு, பேராய விதிகள் உண்டு. ஆனாலும் பள்ளி கல்லூரி வேலைகளும் மாற்றல்களும் ஆதரவுக்குக் கூலியாகவும் எதிர்ப்புக்குத் தண்டனையாகவும் கொடுக்கப்படத் தொடங்கினால், விதிகள் காகிதத்தில் இருந்தும் மறுத்துப் பேசுகிறவர் அங்கேயும் மிச்சமிருக்க மாட்டார்.

அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. சத்தமாகப் பிரசங்கிப்பது, பாவத்தைக் கண்டிப்பது, ஒழுங்கில் கண்டிப்பாக இருப்பது, உங்கள் யோசனையை ஏற்காதது இவை எதுவும் அறிகுறி இல்லை. கணக்கில் தவறு நடந்து அதைப் போதகரே எழுந்து ஒத்துக்கொண்டால் அது ஆரோக்கியம். மகன் அடுத்த போதகராவதும் தன்னில்தானே குற்றமில்லை. வேறு யாரையும் யோசிக்காமல், சபையைக் கேட்காமல், ஒரு ஆண்டுவிழாவில் அறிவித்து முடிப்பதுதான் கேள்விக்குரியது. கிராமத்துச் சிறு சபைகளை இன்னும் இரக்கத்தோடு பார்க்க வேண்டும். ஜெபக்கூட்டத்துக்கு எதிராகப் புகார், இடத்தைப் பூட்டு என்று மிரட்டல், வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்வது என்று வெளியே நெருக்கடி இருக்கும் சபை தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் வெளியே பகை இருக்கிறது என்பதையே காரணமாக வைத்து உள்ளே கணக்குக் கேட்பவரைத் துரோகி என்று சொல்லத் தொடங்கினால், அந்த வேலிக்குள் யாரிடமிருந்து யாரைக் காக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

கேட்கும் முறை

குணத்தைப் பற்றிக் கேட்டால் சண்டையாகும், காகிதத்தைப் பற்றிக் கேட்டால் பதில் வரும். “நீங்கள் சர்வாதிகாரமாக நடக்கிறீர்கள்” என்பதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? “போன வருடத் தணிக்கை அறிக்கையை ஒரு முறை பார்க்கலாமா ஐயா?” என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான் வர முடியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி. போதகரிடம் நேரில், மரியாதையாக, ஆராதனை முடிந்த பரபரப்பில் இல்லாமல் வாரநாளில் கேளுங்கள். முப்பது நாள் பொறுங்கள். பதில் வரவில்லையென்றால் இன்னொரு விசுவாசியையோ மூப்பரையோ கூட்டிக்கொண்டு போய் அதே கேள்வியை எழுதிக் கொடுங்கள், நகலில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறையும் கிடைக்காமல், அதற்குப் பதிலாக உங்கள் ஜெப வாழ்க்கையைப் பற்றிக் கேள்வி வந்தால், விசேஷ காணிக்கைகளை நிறுத்திவிட்டு மூன்றாவது முறையாகக் கமிட்டியில் எழுத்தாகக் கேளுங்கள்.

சாமுவேல் வயதானபின் ஜனங்கள் முன் நின்று, நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், சாட்சி சொல்லுங்கள் என்று தானாகவே கேட்டான் (1 சாமுவேல் 12:3). கணக்கைக் கேட்டதும் முகம் மாறாமல், “உட்காருங்கள், எடுத்துவருகிறேன்” என்று சொல்லும் போதகர்கள் நம் நடுவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் கிடைத்தால் நன்றி சொல்லி, அடுத்த வருடமும் கேளுங்கள்.

மூன்று முறை கேட்டும் வழி திறக்கவில்லையென்றால் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஞானஸ்நானச் சான்று, திருமணப் பதிவின் நகல், காணிக்கை ரசீதுகள், பிள்ளைகளின் ஞாயிறு பள்ளிச் சான்றுகள் ஆகியவற்றை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சபை நிலத்துக்கோ வண்டிக்கோ நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் வங்கியில் போய் நிலுவை எவ்வளவு என்று விசாரியுங்கள். போகிற காரணத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதி மூப்பர்களுக்குக் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

போவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு முன் இதே சபையை விட்டுப் போன ஒரு குடும்பம் இருக்கும். முறுமுறுக்கிறவர்கள் என்று சொல்லக் கேட்டு நீங்களும் அவர்களிடம் பேசாமல் விட்டிருப்பீர்கள். அவர்களைக் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.